அத்தியாயம் 7: மணிக்கணக்கில் ஒரு டே கேர்

கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோதான் அலுவலகம். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. அவிநாசி சாலையில் இருக்கும் மருத்துவமனைகளில் நர்ஸாக இருப்பவருக்கு இந்த வாரம் காலை ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் மதியம். மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கு ஆவணியிலும் தையிலும் மூச்சு விட நேரமிருக்காது, ஆடி முழுக்க ஆர்டர் இருக்காது. டி.என்.பி.எஸ்.சி. வகுப்புக்குப் போகும் இளம் தாய்க்குச் சனிக்கிழமை மட்டும் போதும். பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டிலும், பாட்டிக்கே கண்புரை அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால் பத்து நாளைக்கு யாராவது வேண்டும்.

இவர்கள் எல்லோருக்கும் இன்று கிடைப்பது ஒரே ஏற்பாடுதான். மாதக் கட்டணத்தை முழுசாகக் கட்டி, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை டே கேரில் சேர்க்க வேண்டும். எட்டு நாளைக்குத் தேவைப்படும் பெண் இருபத்தாறு நாளுக்குப் பணம் கட்டுகிறாள். முடியாதவள் பக்கத்து வீட்டு அக்காவைக் கெஞ்சுகிறாள், அல்லது வேலையை விட்டுவிடுகிறாள். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. கட்டணம் இல்லாத அருமையான ஏற்பாடு அது. ஆனால் மாலை ஆறு மணி வரையோ, நினைத்த நாளில் இரண்டு மணி நேரத்துக்கோ குழந்தையை விட்டுவரும் இடம் அதுவல்ல. இந்த இடைவெளியில்தான் உங்கள் தொழில் இருக்கிறது: வந்த மணி நேரத்துக்கு மட்டும் காசு வாங்கும் டே கேர்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த யோசனையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நேரம் நெகிழ்வாக இருக்கிறது, கட்டணம் நெகிழ்வாக இருக்கிறது, ஆகவே ஆளும் அப்படியே இருக்கட்டும், கூட்டம் வரும் நாளில் மட்டும் ஆயாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேயே இந்தத் தொழில் கெட்டுவிடும். மாதம் முழுக்க வரும் குழந்தைக்கு ஒரு புது முகம் வந்தால் இரண்டு நாளில் பழகிவிடும். வாரத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் மட்டும் வரும் குழந்தைக்கு, போன வாரம் தூக்கி வைத்திருந்த அதே அத்தை இந்த வாரமும் வாசலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதற்கு முதல் நாள்தான். நெகிழ்வு முழுவதும் பில்லில் இருக்கட்டும், ஆளில் துளியும் வேண்டாம். இந்த அத்தியாயத்தில் வரும் கணக்கு, விதி, ஆள் எடுப்பது எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் கணக்கு

எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கீழே இருப்பது கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான உதாரணம் மட்டுமே.

தரைத்தளத்தில் எழுநூறு சதுர அடி வீடு, வாடகை ரூ.16,000. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக இரண்டு பெண்கள், தலைக்கு ரூ.14,000. கூட்டிப் பெருக்கவும் துணி அலசவும் ஓர் உதவியாளர், ரூ.8,000. யாராவது லீவு போட்டால் வர, குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாற்று ஆள். அவர் மாதம் நான்கைந்து நாளாவது சும்மா வந்து உட்கார்ந்து பழகவும் சேர்த்து ரூ.4,000. கரண்ட், தண்ணீர், இணையம் ரூ.4,000. சோப்பு, டிஷ்யூ, கிருமிநாசினி, உடைந்தது கிழிந்தது ரூ.4,000. உங்கள் சம்பளம் ரூ.20,000. இந்தக் கடைசி எண்ணை எழுதக் கூச்சப்படாதீர்கள். அதை எழுதாத கணக்கு, உங்கள் உழைப்பை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கும் கணக்கு. மொத்தம் ரூ.84,000.

காலை எட்டு முதல் மாலை ஆறு வரை திறந்திருக்கிறீர்கள். பணிப்பெண்களில் ஒருவர் எட்டு முதல் நான்கு வரை, மற்றவர் பத்து முதல் ஆறு வரை. பெரியவர் ஒருவருக்கு நான்கு குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால், பத்திலிருந்து நான்கு வரை உங்களையும் சேர்த்து மூன்று பேர், பன்னிரண்டு குழந்தைகள். காலை முதல் இரண்டு மணி நேரமும் மாலை கடைசி இரண்டு மணி நேரமும் எட்டுக் குழந்தைகள்தான். நாளுக்கு 104 குழந்தை-மணிகள். மாதம் 26 நாளுக்கு 2,704. எல்லாமே நிரம்பினால் ஒரு மணி நேரத்துக்கு அடக்கவிலை ரூ.31. பாதிதான் நிரம்பியது என்றால் ரூ.62.

பக்கத்துத் தெரு டே கேரில் மாதம் ரூ.7,000 வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட ரூ.30. அதைப் பார்த்துவிட்டு நீங்களும் மணிக்கு முப்பது, நாற்பது என்று போர்டு எழுதினால் மூன்று மாதத்தில் நகை அடகுக்குப் போகும். அவர்களுக்கு எல்லா இடமும் நிரம்பியிருப்பது மாதத் தொடக்கத்திலேயே உறுதி. உங்களுக்கு அப்படியில்லை. காலியாகக் கிடக்கும் மணிகளின் செலவையும் வந்த மணிகள்தான் சுமக்க வேண்டும். நான் மணிக்கு ரூ.70 வைப்பேன்.

அப்படி வைத்தும், முழுக்க முழுக்க மணிக்கணக்குக் குழந்தைகளை நம்பினால் 84,000 எடுக்க மாதம் 1,200 மணி விற்க வேண்டும். தினமும் 46 மணி. புதிதாகத் தொடங்கும் இடத்துக்கு அது எட்டாத எண். அதனால் பன்னிரண்டு இடத்தில் ஏழை மாதக் கட்டணக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். 7 × 7,000 = ரூ.49,000. மீதி ஐந்து இடம் மணிக்கணக்குக்கு. அதில் நாளுக்கு 20 மணி விற்றால், அதாவது ஐந்து குழந்தைகள் ஆளுக்கு நான்கு மணி நேரம் இருந்தால், மாதம் 520 மணி, ரூ.36,400. இரண்டும் சேர்ந்து ரூ.85,400. செலவைத் தாண்டிவிட்டோம். மாதக் குழந்தைகள் தரும் வருமானத்தில் வாடகையும் நிரந்தர ஆட்களின் சம்பளமும் கட்டிவிடலாம். அந்தத் தளம் இருப்பதால்தான், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையிலும் அதே அத்தை அங்கே இருக்கிறார்.

முதல் ஆறு மாதத்துக்கு இந்த எண்கள் வராது. குறைந்தது மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பில்லின் விதிகள்

குறைந்தபட்சம் இரண்டு மணி நேரக் கட்டணம். அதற்குக் கீழே ஒரு குழந்தை வந்து, அழுது, அடங்கி, விளையாட ஆரம்பிப்பதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். அடிக்கடி வருகிறவர்களுக்கு 20 மணி நேர கார்டு ரூ.1,300, மூன்று மாதம் செல்லும். கார்டு விற்ற பணம் இன்னும் உங்கள் பணமல்ல. மணி நேரம் கழியக் கழியத்தான் அது உங்களுடையதாகிறது. தனி வங்கிக் கணக்கில் போட்டு, வாரக் கடைசியில் கழிந்த மணிக்கு உரிய தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் முன்பதிவு. அதற்குள் ரத்து செய்தால் கட்டணமில்லை, பிறகு ரத்து செய்தால் ஒரு மணி நேரக் கட்டணம். இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கவே கூடாது: குழந்தைக்குக் காய்ச்சல், பேதி, கண்வலி என்றால் எந்த நேரத்தில் ரத்து செய்தாலும் ஒரு பைசா பிடிக்காதீர்கள். பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். காலையில் பாரசிட்டமால் சிரப் ஊற்றி, சூடு குறைந்திருக்கும் நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறும். அதற்குள் மற்ற பதினொரு குழந்தைகளும் அதே விரிப்பில் உருண்டிருக்கும். எழுபது ரூபாயை விட்டுக்கொடுத்தால் ஒரு வாரம் மூட வேண்டிய நிலை தவிரும்.

தாமதமாக வருகிறவர்களுக்குக் கால் மணி நேரம் சலுகை கொடுங்கள், பிறகு அரை மணிக் கணக்கில் வழக்கமான கட்டணம். ஆறு மணிக்கு மேல் மட்டும் இரட்டிப்பு, அந்தக் கூடுதல் தொகை மாலையில் காத்திருக்கும் பணிப்பெண்ணின் கைக்குப் போகட்டும். இதைப் பெற்றோரிடமும் சொல்லுங்கள். யாருக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் தகராறு வருவதில்லை.

முன்பதிவுக்கு ஆப் எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பும் ஒரு வெள்ளைப் பலகையும் போதும். பலகையில் பன்னிரண்டு வரிசை, எட்டு முதல் ஆறு வரை பத்துக் கட்டம். மாதக் குழந்தைகளுக்கு நீல மை, மணிக்கணக்குக்குச் சிவப்பு. முதல் இரண்டு கட்டத்திலும் கடைசி இரண்டிலும் கீழே நான்கு வரிசையைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள், அவை விற்பனைக்கு இல்லை. பலகை நிரம்பியபின் "ஒரே ஒரு மணி நேரம்தானுங்க, ஓரமா உக்காந்திருப்பான்" என்று தெரிந்தவர்களே வந்து நிற்பார்கள். பலகையைக் காட்டி மறுத்துவிடுங்கள். பதின்மூன்றாவது குழந்தையைச் சேர்த்த நாளில்தான் யாராவது விழுந்து நெற்றி கிழியும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு விழுந்தால், அதைப் பிடிக்க ஒரு கை குறைவாக இருக்கும்.

ஒருவருக்கு நான்கு என்பது அதிகக் கறாராகத் தோன்றலாம். கிரஷ் எனப்படும் குழந்தைக் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகள் மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர் என்கின்றன, கூடவே உதவியாளரும் உண்டு. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர், இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஐவருக்கு ஒருவர், அதற்கு மேல் எட்டுக்கு ஒருவர். நம் தொழிலில் பழகாத குழந்தைகளே அதிகம். அழும் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் பார்ப்பதே ஒருவரால் ஆகக்கூடியது. ஒரு வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் வருடம் சேர்க்காதீர்கள்.

பழக்கும் வாரம்

போன் செய்து "நாளைக்கு வேணும்" என்று கேட்கும் புதியவரை அப்படியே சேர்த்துக்கொள்ளக் கூடாது. மணிக்கணக்கு சேவை வேண்டுமானால், முன்னாடியே பெயர் பதிந்து, மூன்று முறை பழக்கியிருக்க வேண்டும். முதல் முறை அம்மாவோ அப்பாவோ கூடவே ஒரு மணி நேரம் உட்காரட்டும். இரண்டாம் முறை நடுவில் இருபது நிமிடம் வெளியே டீ குடித்துவிட்டு வரட்டும். மூன்றாம் முறை ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் போகட்டும். மூன்றுக்கும் சேர்த்து ரூ.100 பதிவுக் கட்டணம் மட்டும் வாங்குங்கள். அவசரத்துக்கு வரும் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவசர நாளில் யாரென்றே தெரியாத இடத்தில் விடப்பட்ட குழந்தையின் அழுகை வேறு மாதிரியானது, அதை ஒருமுறை கேட்டவர்கள் இந்த விதியைத் தளர்த்த மாட்டார்கள்.

பதிவு அட்டையில் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் இருக்கும்தான். அதைவிட வேலைக்கு ஆகிற கேள்விகள் வேறு. வீட்டில் என்ன செல்லப்பெயர்? ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்லும், உச்சாவா, மூச்சாவா? தூங்கத் தூளி வேண்டுமா, தோளா, பாயா? சோறு ஊட்டிவிட வேண்டுமா, தானே அள்ளித் தின்னுமா? எதைக் கண்டால் பயம், மிக்ஸி சத்தமா, நாயா? வேர்க்கடலை, பால், முட்டை எதுவாவது சேராதா? காய்ச்சலில் ஜன்னி வந்ததுண்டா? "ஆமாங்க, ஒன்றரை வயசில ஒரு தடவை" என்று பதில் வந்தால் சிவப்பு மையில் எழுதி, எந்த டாக்டர், என்ன மருந்து, எத்தனை மணிக்குள் கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வரும் குழந்தைகளின் அட்டையைக் காலையில் பணிப்பெண்கள் இருவரும் ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும். "குட்டிம்மா, வா" என்று வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, வாசலில் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்திருக்கும் பிடி கொஞ்சம் தளர்வதைப் பார்ப்பீர்கள்.

விட்டுவிட்டுப் போகும்போது, குழந்தை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் நழுவிவிடலாம் என்று பெற்றோர் நினைப்பார்கள். அனுமதிக்காதீர்கள். "அழுதாப் பரவால்லீங்க, சொல்லிட்டுப் போங்க. தூங்கி எந்திரிச்சதும் அம்மா வந்துருவேன்னு சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் போன அம்மாவைத் தேடும் குழந்தை அடுத்த முறை வாசலைத் தாண்டவே மறுக்கும். "மூணு மணிக்கு" என்பது அதற்குப் புரியாது, "சோறு சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு" என்பது புரியும்.

கூட்டிப்போக யார் யார் வரலாம் என்பதற்குப் படத்துடன் பட்டியல் வேண்டும். பட்டியலில் இல்லாதவர் சொந்த மாமாவே ஆனாலும், தாயோ தந்தையோ போனில் பேசி வாட்ஸ்அப்பில் எழுதிய பிறகுதான்.

ஆளும் இடமும்

பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள, நாற்பதை ஒட்டிய பெண்கள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறார்கள். நேர்காணலில் கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, சம்பளம் கொடுத்து ஒரு நாள் முழுக்க வேலை பார்க்கச் சொல்லுங்கள். தரையில் உட்காருகிறாரா, நாற்காலியைத் தேடுகிறாரா, குழந்தை சோற்றைக் கொட்டியதும் முதலில் குழந்தையைப் பார்க்கிறாரா, தரையைப் பார்க்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வேலைக்கு எடுக்கும் ஆளின் முன்வரலாற்றைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. உதவியாளர் உட்பட எல்லோருக்கும் செய்யுங்கள். சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று அவர் வேறு இடம் போனால், உங்களுக்குப் போவது ஓர் ஆள் மட்டுமல்ல, ஐம்பது குழந்தைகளுக்குத் தெரிந்த முகம்.

எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. டயப்பர் மாற்றும் இடம் மற்றவர் கண்ணில் படும்படி, ஆனால் கேமராவில் படாதபடி இருக்கட்டும். வீட்டிலோ வெளியிலோ குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்திருப்பதாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடமையாக்கியிருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், ஆம்புலன்ஸ் 108-ஐயும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது பொம்மைக்கு எங்கே அலமாரி என்று பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு உண்டா? பின்பக்கம் துவைக்கும் தொட்டி இருக்கிறதா? ஒரு ஜாண் தண்ணீர் இருக்கும் வாளியில் தலைகுப்புற விழுந்தாலே நடை பழகும் குழந்தை மூழ்கிவிடும், சத்தம்கூட வராது. பாத்ரூம் வாளிகள் எப்போதும் காலியாகக் கவிழ்ந்தே இருக்க வேண்டும், கதவுக்கு வெளிப்பக்கம் பெரியவர் உயரத்தில் தாழ்ப்பாள். கேட்டுக்கும் அப்படியே.

சமையல் வேண்டாம், வீட்டு டிபன் பாக்ஸ் வரட்டும். சமைத்துப் போட ஆரம்பித்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, கேஸ், தனி ஆள் என்று செலவு ஏறும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான முறுக்குத் துண்டு டப்பாவில் இருந்தால் கொடுக்காமல் திருப்பி அனுப்புங்கள், தொண்டையில் சிக்கும்.

காகித வேலையில் முதல் படி வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலம் சம்மதம். அடுத்து மின்வாரிய அலுவலகத்தில் எந்தக் கட்டண வகை என்று கேட்டு இணைப்பை மாற்றுவது, வீட்டு இணைப்பிலேயே ஓட்டினால் பின்னால் அபராதம் வரும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஆண்டு வருமானம் ரூ.20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது, நம் உதாரணத்தில் அது பத்து லட்சம் சொச்சம்தான். பாடம் நடத்துவதாக விளம்பரம் செய்தால் பிளே ஸ்கூலுக்கான விதிகளுக்குள் போய்விடுவீர்கள், அதனால் போர்டில் காப்பகம் என்று மட்டும் எழுதுங்கள். கடன் வேண்டுமானால் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கிடைக்கும். அதற்கு மேல் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கம்பெனிகளிடம் போய்க் கேளுங்கள்

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் கிரஷ் வசதி தர வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே கடமை இருக்கிறது. நிறுவனமே சொந்தமாகக் கட்ட வேண்டியதில்லை, தனியார் நடத்தும் பொது கிரஷைப் பயன்படுத்திக்கொள்ளலாம், சில நிறுவனங்கள் கூடியும் ஏற்பாடு செய்யலாம் என்று அது வழி காட்டுகிறது. அறுபது, எழுபது பேர் இருக்கும் அலுவலகத்துக்குத் தனி அறை, தனி ஆயா என்பது பெரிய சுமை. அங்கே சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களும் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார்கள்.

இரண்டு இடங்களை மாதம் முழுக்க அவர்கள் பெயரில் ஒதுக்குவதாகச் சொல்லுங்கள். ஒதுக்கியதற்கு ஒரு நிலையான தொகையை நிறுவனம் தரட்டும், வந்த மணிக்குப் பெற்றோர் பாதிக் கட்டணம் தரட்டும். மனிதவள அதிகாரியிடம் போகும்போது குழந்தைகள் சிரிக்கும் படம் போட்ட நோட்டீஸ் வேண்டாம். ஆள் விகிதம், சரிபார்ப்புச் சான்று, காய்ச்சல் விதி, கூட்டிப்போகும் விதி நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கும் தாளைக் கொடுங்கள். அவர் மேலிடத்துக்கு எடுத்துப் போவது அதைத்தான். இரண்டு நிறுவனம் கையெழுத்துப் போட்டால், மாதக் கட்டணக் குழந்தைகள் ஏழு பேரைத் தேடி அலையும் வேலையில் பாதி குறைந்துவிடும்.

எப்போது திறப்பது? மே மாதம் வேண்டாம். லீவுக்குப் பாதிக் குழந்தைகள் ஊருக்குப் போயிருக்கும், மீதிப் பேர் வீட்டில் அண்ணன் அக்காவோடு இருப்பார்கள். ஜூன் பாதியில், பள்ளி திறந்து பெரிய பிள்ளைகள் கிளம்பிய பிறகு, முதலில் மாதக் குழந்தைகளோடு மட்டும் தொடங்குங்கள். ஆட்கள் ஒருவரோடொருவர் பழகட்டும். ஆடி முழுக்கப் பதிவும் பழக்கும் வருகைகளும் நடக்கட்டும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன் சிவப்பு மையில் எழுதத் தொடங்கலாம். அந்த மாத நாள்காட்டியை எடுத்து முகூர்த்த நாட்களை வட்டமிட்டு வைத்துவிடுங்கள். அந்த நாட்களுக்கான ஐந்து இடமும் பத்து நாள் முன்பே தீர்ந்துவிடும். மாற்று ஆளுக்கு அன்றைக்கெல்லாம் வேலை உண்டென்று இப்போதே சொல்லி வையுங்கள்.